பெறுநர் கையொப்பம்

பாப்பா,

நீ பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் இவ்வளவு நீளமாக எழுதுவது சரியில்லைதான். வெள்ளிக்கிழமை மஸ்கட்டுக்கு விமானம். மாப்பிள்ளை புதுப்பட்டினத்துக்கும் சென்னைக்குமாக அலைந்துகொண்டிருக்கிறார். உன் அம்மா, ஊறுகாயை எத்தனை பிளாஸ்டிக் பையில் சுற்றினால் ஒழுகாது என்று தெருவெல்லாம் விசாரித்துக்கொண்டிருக்கிறாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன் வேலை, நல்ல சம்பளம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் கேட்பவர்களிடம் அப்படித்தான் சொல்கிறேன். நரம்பைப் பற்றியும் மூளையில் வரும் புற்றுநோய்க் கட்டியைப் பற்றியும் பதினோரு கட்டுரை எழுதிய பெண், இனிமேல் யாரோ எழுதிக் கொடுக்கும் சீட்டைப் பார்த்து ஊசி குத்தி ரத்தம் எடுக்கப் போகிறாள் என்பதை நான் யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று எனக்குத் தெரியும். அதை நேரில் சொல்ல இரண்டு தடவை புதுப்பட்டினம் வந்தேன். இரண்டு தடவையும் மீன் விலையைப் பற்றிப் பேசிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அச்சரப்பாக்கத்துக்கு உள்ளே தள்ளி இருக்கும் நம் ஊரில், உன் தாத்தாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நெல் அறுக்கக் கூப்பிடும்போதும் "டேய்", கூலி கொடுக்கும்போதும் "டேய்". அவருக்கு ஒரு பெயர் இருந்தது என்பதே என் பள்ளிக்கூடச் சான்றிதழில் முதலெழுத்துப் போட்டபோதுதான் எனக்கு உறைத்தது. பத்தாவது தேறாமல், எப்படியோ செங்கல்பட்டுக் கோர்ட்டில் டவாலி வேலை கிடைத்து, வெள்ளை உடுப்பும் குறுக்கே சிவப்புப் பட்டையுமாக வாசலில் நின்று முப்பது வருஷம் ஊரார் பெயரையெல்லாம் கூப்பிட்டேன். ஒவ்வொரு பெயரையும் மூன்று முறை. எங்கள் அப்பாவை "டேய்" என்றவரின் பெயரையும் ஒருநாள் மூன்று முறை கூப்பிட்டேன். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே ஓடினார். என் பெயரைக் கூப்பிடத்தான் ஆளில்லை. எங்களுக்கு நீ ஒரே பிள்ளை. "பொட்டப் புள்ளயோட நின்னுபூட்ச்சே, உம்பேரு உன்னோட சரி" என்று உன் பெரியப்பா கல்யாண வீடு, சாவு வீடு பார்க்காமல் சொல்லிக்கொண்டிருப்பார். நான் சிரித்து மழுப்புவேன். உள்ளே எரியும்.

நீ முதல் கட்டுரையை வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பியபோது அவர்கள் முதலெழுத்தை விரித்து எழுதச் சொன்னார்கள். நம் பக்கத்தில் அப்பன் பெயர் முன்னால் ஒற்றை எழுத்தாக ஒண்டிக்கொண்டிருக்கும். அது அவர்களுக்கு விளங்கவில்லை, குடும்பப் பெயர் எது என்று கேட்டார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? நீ என் பெயரை எழுதினாய். அச்சில் வந்தபோது உன் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிப்போய், என் பெயர் முழுசாக நின்றது. "பாத்தியா நைனா, இனிமே ஒலகத்துல என்ன உன் பேர் சொல்லித்தான் கூப்புடுவாங்க" என்று சிரித்தாய். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் கோர்ட்டுக்குப் போனேன்.

அந்தக் கட்டுரையில் எனக்கும் பங்கு உண்டு என்று நினைத்துக்கொள்வேன். கணவாய் இனத்துக் கடம்பா மீனின் உடம்பில் ஒரு நரம்பு நூல் மாதிரி தடிமனாக ஓடும், மனுஷ நரம்பில் பார்க்க முடியாததை அதில் பார்க்கலாம் என்று நீ சொன்னாய். உயிரோடு வேண்டும் என்றாய். நான் லீவு நாளில் மாமல்லபுரம் போய், கட்டுமரம் கரையேறும்வரை காத்திருந்து, பெயின்ட் வாளியில் கடல் தண்ணீரோடு வாங்கிக்கொண்டு சென்னை பஸ்ஸில் ஏறுவேன். முதல் நாள் கண்டக்டர் எட்டிப் பார்த்தான்.

"இன்னா பெர்சு, வாளில இன்னா கீது?"

"கடம்பா."

"கொயம்புக்கா?"

"இல்லபா. எம் பொண்ணு நரம்பு ஆராய்ச்சி பண்ணுது. அதுக்கு."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "சரி சரி. வாளிக்கி ஒரு லக்கேஜு டிக்கெட்டு எட்துக்கோ" என்றான். கோவளம் வருவதற்குள் பாதி செத்துவிட்டது. மிச்சத்தில் ஒன்று என் வேட்டியில் மையைப் பீய்ச்சிவிட்டது. ஆராய்ச்சி நிலைய வாசலில் வாளியை வாங்கிக்கொண்டு, வேட்டியைப் பார்த்து நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நாலு வருஷம் அப்படி வாளி தூக்கினேன். என் ஆயுசில் நான் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

கல்யாணப் பேச்சின்போது சம்பந்தி வீட்டில் உன் முதலெழுத்தை மாற்றச் சொன்னார்கள். நான் குறுக்கே விழுந்தேன். "கட்டுரைங்க பூரா ஒரே பேர்ல வந்துகினு கீது. பேர மாத்துனா பாதி ஒருத்தருது, பாதி வேற ஒருத்தருதுன்னு ஆய்டும். புள்ளயோட ரெக்கார்டே கெட்டுப்பூடும்" என்று கோர்ட்டில் வக்கீல் பேசுகிற மாதிரி பேசினேன். மாப்பிள்ளையும் நல்ல மனுஷன், சரி என்று விட்டுவிட்டார். நீ அடுப்பங்கரையில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாய். உன் ஆராய்ச்சிக்காகச் சண்டை போட்டதாக நினைத்தாய். இப்போது சொல்கிறேன், எனக்கு உன் ஆராய்ச்சி இரண்டாவதுதான். என் பெயர் போய்விடுமே என்றுதான் பயந்தேன்.

டாக்டர் பட்டம் வாங்கிய பிறகு உனக்கு நிலையான வேலை கிடைக்கவில்லை. ஒரு வருஷம் இங்கே, இரண்டு வருஷம் அங்கே என்று தற்காலிக வேலையாகவே ஓடியது. கடம்பாவை விட்டுவிட்டு, மூளைக் கட்டியில் இருந்து எடுத்த செல்லைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்க்கும் வேலைக்குப் போனாய். எந்த இடமும் நிரந்தரமில்லாததால், கட்டுரையில் கடிதம் எழுத வேண்டிய முகவரியாகச் செங்கல்பட்டு வீட்டைக் கொடுத்தாய். அப்போது துறைக்கே ஒரு ஈமெயில்தான். நீ வெளியே வந்ததும் அதுவும் போய்விட்டது. எந்த நாட்டிலாவது யாராவது உன் கட்டுரையைப் பற்றிக் கேள்விப்பட்டால், ஒரு பிரதி அனுப்பச் சொல்லி அட்டை போடுவார்கள். ஜப்பான், போலந்து, பிரேசில் என்று வந்தது. எல்லாவற்றிலும் டாக்டர் என்று போட்டு, பக்கத்தில் என் பெயர். முதலில் ஒழுங்காக உனக்கு அனுப்பி வைத்தேன். ஒருநாள் போனில் நீ, "காப்பியெல்லாம் தீந்துபோச்சி நைனா. இனிமே கார்டு வந்தா அனுப்பாத, நீயே வச்சிக்கோ" என்றாய். அதற்குத்தான் காத்திருந்த மாதிரி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, கோர்ட் எதிரே இருக்கும் டீக்கடைக்கு எடுத்துக்கொண்டு போய் வக்கீல் குமாஸ்தாக்களிடம் காட்டினேன். யாரையும் தொட விடமாட்டேன். தபால்தலையையும் பெயரையும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

கட்டிச் செல்லைப் பற்றிய அந்தக் கட்டுரையை நீ மறந்திருக்க மாட்டாய். மருந்து போட்ட செல் ஒரு படம், மருந்து போடாத செல் ஒரு படம். போட்டோவைக் கத்தரித்து, அட்டையில் கோந்து வைத்து ஒட்டி அனுப்பிய காலம். அது அச்சில் வந்த சில மாதத்தில் அமெரிக்காவில் இருந்து ஒரு கடிதம் வந்தது. பிரித்தேன். நெருக்கமாக டைப் அடித்த ஒரு பக்கம், மேலே என் பெயர். கூடவே உன் படங்களின் நகல், இரண்டு படத்திலும் சிவப்பு மையில் வட்டம். நமக்குத் தெரிந்த இங்கிலீஷ், பெயர் படிக்கிற அளவுதான். ஒருத்தன் கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு, என் மகள் எடுத்த படத்தை நகல் எடுத்து, பிடித்துப்போய் வட்டம் போட்டிருக்கிறான் என்று நினைத்தேன். அட்டைகளோடு சேர்த்து வைத்துவிட்டேன். நாலைந்து மாதம் கழித்து அதே மாதிரி உறையில் இன்னொன்று. அதையும் வைத்தேன். மூன்றாவது பதிவுத் தபாலில் வந்தது, வாங்கியவர் கையெழுத்துப் போட்டு, அனுப்பியவருக்கே திரும்பிப் போகும் அட்டையோடு. உன் அம்மா கதவருகே நின்றுகொண்டிருந்தாள்.

"பாப்பாக்கு வந்தத நீ இன்னாத்துக்கு கையெயுத்து போட்டு வாங்குற? போன போட்டு சொல்லு மொதல்ல."

"எம்பேருதான்டி போட்ருக்கான்" என்றேன்.

தபால்காரரும், "உங்க பேருதான சார், போடுங்க" என்றார். கட்டத்தில் இடம் போதவில்லை. என் முதலெழுத்தை விட்டுவிட்டு, பெயரை மட்டும் இங்கிலீஷில் எழுதினேன்.

உனக்குப் போன் போட்டிருப்பேன், பாப்பா. இதை நீ நம்ப வேண்டியதில்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை கோர்ட்டில் எனக்குப் பணி ஓய்வுப் பாராட்டு வைத்திருந்தார்கள். அந்த உறையைக் கையோடு எடுத்துக்கொண்டு போனேன். நீதிபதி அய்யா பேசும்போது கொண்டுபோய் நீட்டினேன். அவர் வாங்கி, உறைமேல் இருந்த பெயரைப் படித்தார். "முப்பது வருஷமா எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்ட மனுஷனை, இன்னிக்கு அமெரிக்காவே பேர் சொல்லிக் கூப்பிடுது" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். உன் பெரியப்பா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததில் எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். உறையைப் பிரிக்காமலே அட்டைக் கட்டோடு சேர்த்தேன். அப்புறம் அதை நான் நினைக்கவே இல்லை.

மறு வருஷம் அந்தக் கட்டுரையைப் பத்திரிகை வாபஸ் வாங்கியது. நீ செங்கல்பட்டு வந்து, பை கூட இறக்காமல், நாற்காலியில் உட்கார்ந்தாய். இரண்டும் ஒரே படம், ஒன்றைத் தலைகீழாக ஒட்டி ஏமாற்றியிருக்கிறாய் என்று எழுதிவிட்டார்கள் என்றாய். "ஒட்டும்போது மாறிப்போச்சி நைனா. சரியான நெகடிவ் டப்பால பத்திரமா இருந்துச்சி. அப்பவே கேட்ருந்தா எடுத்து அனுப்பியிருப்பேன், ஒரு வரி திருத்தம் போட்டிருப்பாங்க. இப்ப அந்த அலமாரியவே காலி பண்ணிட்டாங்களாம். ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல? ஒருத்தரும் கேக்கலயே நைனா" என்றாய். உன் அம்மா உன் தலையைப் பிடித்துக்கொண்டாள். நான் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்து போனேன்.

நீ போன மறுநாள் அந்த அட்டைக் கட்டை இறக்கினேன். குமாஸ்தாவிடம் இரவல் வாங்கிய அகராதியோடு காலையில் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் படிக்க மத்தியானம் ஆகிவிட்டது. முதல் கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது. உங்கள் ஆராய்ச்சி எங்களுக்கு மிகவும் பயன்பட்டது, இரண்டு படமும் ஒன்றுபோல் தெரிகிறது, அச்சகத்தின் தவறாக இருக்கலாம், அசல் படத்தை அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். இரண்டாவதில் கொஞ்சம் சுருக்கம். மூன்றாவதில், பதில் இல்லாததால் பத்திரிகைக்குத் தெரிவிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று இருந்தது. மூன்று முறை கூப்பிட்டும் ஆள் வராவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எதிர்த்தரப்பு ஆஜராகவில்லை என்று எழுதி, ஒருதலையாகத் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். எத்தனை பேர் பஸ் கிடைக்காமல் லேட்டாக வந்து, என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார்கள். "கூப்டப்ப எங்க போய்ட்ட?" என்று அவர்களைத் திட்டியிருக்கிறேன்.

அன்றே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நீ மேல்முறையீடு செய்தாய், "எனக்கு எந்தக் கடிதமும் வரவில்லை" என்று எழுதிக் கொடுத்தாய். நீ அதை எழுதும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன். கடிதங்களைக் காட்டினால் நீ ஜெயிப்பாயா தோற்பாயா என்று கணக்குப் போட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அதெல்லாம் இல்லை. நீ என்னை எப்படிப் பார்ப்பாய் என்ற பயம்தான். அதற்குள் மற்ற பத்து கட்டுரைகளையும் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார்கள். நான் வாளி தூக்கிய கட்டுரைகளைக்கூட. விசாரணை முடிந்தது, உனக்குப் பாதகமாக. உதவித்தொகை நின்றது. ஏழு இடத்தில் விண்ணப்பம் போட்டாய், ஓர் இடத்திலும் கூப்பிடவில்லை. மஸ்கட் வந்தது.

போன மாதம்தான் எனக்குக் கொஞ்சம் துணிச்சல் வந்தது. கடிதங்களை எடுத்துக்கொண்டு நெம்மேலிக்குப் போனேன். உன் கைடு ஓய்வுபெற்ற பிறகு அங்கேதான் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார். விசாரணைக் குழுவில் அவரும் இருந்தார் என்று தெரியும். கடிதங்களை அவர் முன்னால் வைத்து, நடந்ததைச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"லெட்டர் வரலன்னு உங்க பொண்ணு எழுதிக் குடுத்திருந்தது. அமெரிக்காலேந்து, கையெழுத்துப் போட்டு வாங்கின தபால் அட்டையோட நகல் அனுப்பியிருந்தாங்க. அதை எடுத்து முன்னால வெச்சோம். பேரு அதே பேரு. அந்தப் பொண்ணு கையில வாங்கிப் பாத்துது. ரொம்ப நேரம் பாத்துது. 'ஆமா சார், என் கையெழுத்துதான்'னு சொல்லிடுச்சு."

"அது என் கையெயுத்து அய்யா" என்றேன். "நான் வந்து சொல்றேன். எங்க வேணா கையெயுத்து போட்டுக் காட்டறேன்."

"இப்ப நீங்க சொன்னா, பொண்ணைக் காப்பாத்த அப்பா பொய் சொல்றார்னுதான் எழுதுவாங்க. அதுவே ஒத்துக்கிட்டாச்சு. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். காபி கொடுத்தார். குடித்தேன். சொந்தக்காரன் சாட்சி எத்தனை தூரம் நிற்கும் என்பதை நான் பார்க்காததா.

இந்த மாதிரிக் கடிதத்தில் அப்பன் நாலு புத்தி சொல்ல வேண்டுமாம். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். உன்னை வைத்துப் பெருமைப்படுகிறவன் கையில் எதையும் கொடுத்து வைக்காதே. அவன் பத்திரமாகத்தான் வைத்திருப்பான், ஆனால் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க மாட்டான். மன்னித்துவிடு என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் நீ சரி என்று சொல்லிவிடுவாய், எனக்கு உன்னைத் தெரியும். உன் பதினோரு கட்டுரைகளில் தப்பு ஒன்று இருந்தது, கோந்து வைத்த கையின் தப்பு. பொய் எதுவும் இல்லை. நீ சொன்ன ஒரே பொய் அந்த அறையில், ஏழெட்டுப் பெரிய மனுஷர்களுக்கு முன்னால், என் கையெழுத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னது.

அன்று நீ அங்கிருந்து நேராகச் செங்கல்பட்டுக்குத்தான் வந்தாய். சாயங்காலம் நாலு மணி இருக்கும். விசாரணை எப்படிப் போனது என்று உன் அம்மா கேட்டாள், பரவாயில்லை என்றாய். கருவாட்டுக் குழம்பு ஊற்றி இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாய். கை கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "பிரஷர் மாத்திர போட்டியா நைனா?" என்று கேட்டாய். போட்டேன் என்றேன். வேறு எதுவும் நீ என்னைக் கேட்கவில்லை.